பக்கத்து இலை

அநியாயம் நடந்தது இசக்கியம்மாளுக்கு. உடன்குடிப் பக்கத்திலிருந்து வேதியியலில் ஆராய்ச்சி செய்ய வந்தவள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவளை மட்டும் இருக்கச் சொன்னார் அவளுடைய கைடு. ஆய்வுக்கூடக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். அவள் பொறுத்துப் பார்த்தாள். முடியாமல் போனபோது, மாணவர் குறைகளைக் கேட்பதற்கென்று இருந்த குழுவின் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஒரு நாள் காலையில் இசக்கியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதியை விட்டுப் போனாள். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கட்டிலுக்கு மட்டும் உடனே வேறு ஆள் வந்துவிட்டாள்.

அந்தத் தலைவரின் பெயர் குலசேகரன். ஆங்கிலப் பேராசிரியர். அவரைக் கெட்டவர் என்று எந்த மாணவியும் சொல்லமாட்டாள். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் இசக்கியம்மாள் அவரிடம் போயிருக்கவே மாட்டாள்.

பேராசிரியர் ஓய்வு பெற்றார். தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி எழுதினார். நல்ல அகராதி. சால்வைகள் வந்தன. அந்த நேரத்தில்தான் அதே ஆய்வுக்கூடத்தில், அதே கைடு, அதே தாழ்ப்பாளைப் பெனிட்டா என்ற இன்னொருத்திக்குப் போட்டார். பெனிட்டா யார் அறைக்கும் போகவில்லை. நூலகப் படிக்கட்டில் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். விசாரணை வைத்தார்கள்.

"இத்தனை வருஷத்தில் என்மேல் ஒருத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார் கைடு.

அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் குலசேகரன். அவர் சொன்னால் பெனிட்டாவின் வழக்கு நிற்கும். 'எனக்கு ஞாபகமில்லை' என்றால் விழும். பெனிட்டா தினமும் அவருக்குப் போன் செய்தாள். ஒரு நாள் அவர் போனை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்தார். நாலு வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் ஒரு பெண் குரு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். அங்கே போனார்.

குருவின் பெயர் தையல்நாயகி. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். தலையில் எண்ணெய் வழிய வாரி, கைத்தறிச் சேலை கட்டி, கிடங்கின் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பேராசிரியருக்கு அவர்தான் குரு என்பது உடனே தெரியவில்லை.

"என்ன வேணும், சார்?"

"மன அமைதி வேணும், அம்மா."

"அது வர்ற எல்லாரும் சொல்றது. உங்களுக்கு என்ன வேணும்?"

பேராசிரியர் பையைக் கீழே வைத்தார்.

"ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேணும்."

"அகராதி எழுதினவர் நீங்கதானே? பேப்பர்ல படம் பாத்திருக்கேன்."

"அதனாலதான் கேக்கறேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒண்ணு ரெண்டு இல்ல. நான் ஒருத்திகிட்ட அதைச் சொன்னேன். எந்த அர்த்தத்துல சொன்னேன்னு எனக்கே தெரியணும்."

"என்ன சொல்?"

"அட்ஜஸ்ட்."

குரு வெங்காயத்தை முறத்தில் போட்டார். "சொல்லுங்க."

பேராசிரியருக்குக் குரல் திரும்பி வந்தது. வகுப்பு எடுக்கிற குரல்.

"இங்கிலீஷ்ல பெரும்பாலும் கருவிக்குச் சொல்றது, அம்மா. கண்ணாடியைத் திருப்பறது, திருகாணியை முறுக்கறது. நம்ம ஊருக்கு வந்ததும் அது பஸ்ல ஏறிடுச்சு. 'அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க'ன்னா நகருங்கன்னு அர்த்தம். டெய்லர் 'இடுப்புல அட்ஜஸ்ட் பண்ணிடலாம்'னா பிரிச்சுத் தைக்கறது. குழம்புல உப்பு கூடிப்போச்சா, கொஞ்சம் தேங்காப்பால் விட்டு அட்ஜஸ்ட் பண்ணு. மழைக்கு ஒரு ராத்திரி தங்க வந்த சொந்தக்காரங்க 'நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்'பாங்க, அது பெருந்தன்மை. கல்யாணமாகிப் போற பொண்ணுகிட்ட..."

அவர் நிறுத்தினார்.

"போற பொண்ணுகிட்ட?"

"அனுசரிச்சுப் போம்மான்னு அர்த்தம். சினிமாக் கம்பெனியில வேற மாதிரி. அது அசிங்கமான அர்த்தம். என் அகராதியில எல்லாத்தையும் போட்டிருக்கேன். ஒண்ணையும் விடல."

"சொன்னவங்க எங்க உக்காந்திருந்தாங்கன்னு போட்டிருக்கீங்களா?"

"அகராதியில அதெல்லாம் போட மாட்டாங்க, அம்மா."

"சரி."

"நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது பொறுமையா இருன்னு. அவ்வளவுதான். நல்ல அர்த்தம். அவளா வேற அர்த்தம் எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்?"

"நீங்க எங்க உக்காந்து சொன்னீங்க?"

"என் அறையில."

"நாற்காலியிலயா?"

"ஆமா."

"கை வச்ச நாற்காலியா?"

"இதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

உள்ளே யாரோ தட்டில் கரண்டியால் தட்டினார்கள். குரு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சாப்பாடு தயாராயிடுச்சு. வாங்க, சார்."

கிடங்கு நீளமானது. அகலம் குறைவு. பஞ்சு மூட்டைகள் போய் வெகு காலமாகியும் பஞ்சு போகவில்லை. எவ்வளவு பெருக்கினாலும் கூரை இடுக்கிலிருந்து இழை இழையாக இறங்கித் தரையில் படிந்துகொண்டே இருக்கும். யாராவது நடந்தால் இரண்டு பக்கமும் ஒதுங்கும். நடந்த தடம் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

நீளச் சுவரை ஒட்டிப் பாய் விரித்து ஒரே வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டுப் பரிமாறுகிறவள் ஆராயி. அதிகம் பேசாதவள். பேராசிரியருக்கு நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, குருவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவருக்கு மறுபக்கம் சங்கிலிமுத்து. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் டிக்கெட் கிழிக்கிற மாதிரியே பேசுகிறவர்.

ஆராயி வரிசையாக இலை போட்டுக்கொண்டு வந்தாள். குருவுக்குப் போட்டாள். அடுத்த இலையைக் குருவுக்கும் பேராசிரியருக்கும் இடையில் இருந்த கையகல இடத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, சார்" என்றார் குரு.

பேராசிரியர் சிரித்தார். கேட்ட கேள்விக்குக் கேலியாகப் பதில் வருகிறது என்று நினைத்தார். நகர்ந்தார். சங்கிலிமுத்து எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

"யார் வரணும், அம்மா?"

"சாப்பிடுங்க."

ஆராயி அந்த இலையிலும் சோறு வைத்தாள். பொரியல் வைத்தாள். அப்பளம் வைத்தாள். கடைசியில் மோர்கூட ஊற்றினாள். யாரும் வரவில்லை. எல்லாரும் எழுந்தபோது ஆராயி அந்த இலையையும் எடுத்துப் போய் மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த வேளை பேராசிரியர் முன்னாலேயே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அது ஒங்க எடமில்ல, சார்" என்றாள் ஆராயி. "முந்தி எங்க முடிச்சீகளோ அங்கன."

"இடம்னா இடம்தானே?"

"எங்க பஸ்ஸுல துண்டு போட்டுப் பிடிச்ச எடமே நிக்காது, சார்" என்றார் சங்கிலிமுத்து. "அந்த ஒரு வார்த்தைய வச்சே மூணு பேர் சீட்டுல அஞ்சு பேர உக்கார வச்சிருக்கேன். அஞ்சாவது ஆளுக்கு உக்காந்திருக்கோமா நிக்கோமான்னு அவனுக்கே தெரியாது. ஆனா பஸ் போயிரும்."

பேராசிரியர் முந்தைய வேளை முடித்த இடத்தில் போய் உட்கார்ந்தார். ஆராயி வந்தாள். அவருடைய இடது முழங்காலை உரசுகிற மாதிரி ஓர் இலையைப் போட்டாள். நின்றாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, சார்" என்றார் குரு.

நகர்ந்தார்.

இப்படியே நடந்தது. ஒவ்வொரு வேளையும் இலை அவர் பின்னாலேயே வந்தது. அவர் நகர்ந்தார். குருவுக்கும் அவருக்கும் நடுவே வெறும் பாய் நீண்டது. சங்கிலிமுத்துவும் மற்றவர்களும் எதிர்ச் சுவருக்கு மாறிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் குரு, வெறும் பாய், பக்கத்து இலை, பேராசிரியர். மின்விசிறியின் காற்று அவருக்கு எட்டாமல் போனது. குழம்பு அவருக்கு வரும்போது ஆறியிருந்தது. கிடங்கின் கடைசிச் சுவர் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு, மயிர் முளைத்த மாதிரி இருந்தது.

ஒரு வேளை, சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தன் இலையில் தெளித்துத் துடைத்தார். தற்செயலாகப் பக்கத்து இலையைப் பார்த்தார்.

அதிலும் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். எதிர் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆராயி, இந்த இலையை நீ துடைச்சியா?"

"நான் போடுதேன். தொடைக்கது உக்காந்தவுக வேல."

பேராசிரியர் கை கழுவ எழுந்தபோது தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து அவர் இடம் வரைக்கும் அவர் நடந்து வந்த தடத்தில் பஞ்சு ஒதுங்கியிருந்தது. அந்தத் தடம், ஒரு ஆள் நடக்கிற அகலத்தைவிட அகலமாக இருந்தது.

அவர் நேராகக் குருவிடம் போனார். வாதாடினார். அவர் வாதாடியது பயத்தில்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு, அம்மா. நான் அவளை நகரச் சொன்னேன். நீங்க என்னை நகரச் சொல்றீங்க. அவ்வளவுதானே? பாடம் ஏறிடுச்சு. நிறுத்திடலாம்."

"புரிஞ்சவங்களுக்கும் பசிக்கும் இல்லையா, சார்? அடுத்த வேளைக்கு வாங்க."

"நான் ஒரு சொல்தான் சொன்னேன்! அவளைத் தொடல. திட்டல. கதவைப் பூட்டினது வேற ஒருத்தன்."

"நானும் உங்களைத் தொடலையே, சார்."

"உங்க சொல்லுக்குப் பின்னாடி ஒரு இலை வருது!"

"உங்க சொல்லுக்குப் பின்னாடி என்ன வந்துச்சு?"

இப்போதும் பேராசிரியர் மனதில் அகராதிதான் ஓடிக்கொண்டிருந்தது. பொறுத்துப் போதல், இசைந்து நடத்தல், தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளல். அவர் எழுதிய விளக்கங்களில் எதிலும் குற்றமில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கிடந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல வெயில். சுற்றிலும் ஆள் இல்லை. சங்கிலிமுத்து வெற்றிலை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

"யாருக்கு, சார்?"

"என்ன யாருக்கு?"

"எடம்."

பேராசிரியர் குனிந்து பார்த்தார். அவர் பெஞ்சின் நடுவில்தான் உட்கார்ந்தார். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். ஒரு தொடை பெஞ்சில், ஒரு தொடை வெளியில்.

"பழக்கமாயிரும், சார்" என்றார் சங்கிலிமுத்து. சிரிக்காமல் சொன்னார்.

அடுத்த வேளை அவருடைய வலது தோள் கடைசிச் சுவரில் பட்டது. ஓதம் சட்டையில் ஊறியது. ஆராயி இலையோடு வந்து நின்றாள்.

"இதுக்கு மேல இடமில்லம்மா" என்றார் பேராசிரியர். அந்தக் கோடியிலிருந்து குருவுக்குக் கேட்க வேண்டுமென்று சத்தமாகச் சொன்னார். கிடங்கு முழுக்க அது எதிரொலித்தது.

"கொஞ்சம், சார்" என்றார் குரு.

"இல்லங்கறேன்!"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அவர் ஒரு முழங்காலைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். தோளைக் குறுக்கினார். ஆராயி இலையைப் போட்டுவிட்டுப் போனாள். அப்போது அவருக்கு இடது விலாவில் லேசான சூடு தெரிந்தது. கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் உடம்பிலிருந்து வருமே, அந்தச் சூடு. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மறுநாள் மதியம், பரிமாறிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முதுகில் பை. காலில் கரிசல் புழுதி முழங்கால் வரைக்கும். டவுன் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

"குலசேகரன் சார் இங்க இருக்காரா?"

"அந்தா, சொவத்தோட சொவரா ஒட்டிக்கிட்டு இருக்காருல்லா, அவருதான்" என்றார் சங்கிலிமுத்து.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசை நெடுக நடந்து வந்தாள். பஞ்சு ஒதுங்கி வழிவிட்டது.

"சார், நான் பெனிட்டா. எத்தனை தடவை போன் பண்றது? போனை அணைச்சா நான் இல்லாமப் போயிடுவேனா? உங்களைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு ஆராய்ச்சிப் பட்டமே குடுத்திருக்கலாம்."

"மொதல்ல உக்காரு, தாயி. சாப்புடு" என்றாள் ஆராயி.

இருந்த காலி இலை அது ஒன்றுதான். பெனிட்டா பையை இறக்கிவிட்டு அதன் முன்னால் உட்காரக் குனிந்தாள்.

"அங்க உக்காராதே!"

தான் கத்தியது பேராசிரியருக்கே தூக்கிவாரிப் போட்டது. பெனிட்டா குனிந்தபடியே நின்றாள்.

"ஏன், சார்? யாராவது வராங்களா?"

அவர் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"சரி, விடுங்க. நான் எதிர்ல உக்காந்துக்கறேன்."

அவள் தரையில், அவருக்கும் அந்த இலைக்கும் எதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நான் சுத்தி வளைக்கலை, சார். வர்ற வெள்ளிக்கிழமை விசாரணை முடியுது. எனக்கு முன்னாடி இசக்கின்னு ஒரு அக்கா. அவங்க உங்ககிட்ட வந்தாங்கன்னு அவங்க ரூம்மேட் சொல்றாங்க. உங்க ரூம் வாசல் வரைக்கும் கூட வந்தவங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. அந்தாளு 'அப்படி ஒருத்தி குறையே சொல்லல'ங்கறான்."

"அந்தப் பொண்ணையே கேக்கலாமே" என்றார் பேராசிரியர். மெதுவாகச் சொன்னார்.

"கேட்டோம்."

"கேட்டீங்களா?"

"திசையன்விளையில தங்கச்சி வீட்டுல இருக்காங்க. போன வாரம் நானும் என் ஃப்ரெண்டும் போனோம். பாயில உக்காந்திருந்தாங்க. நாங்க பக்கத்துல உக்காந்ததும் கொஞ்சம் நகர்ந்தாங்க. சரி, நமக்கு இடம் விடறாங்கன்னு நெனச்சோம்." பெனிட்டாவிடம் இதுவரைக்கும் இருந்த குரல் மாறிவிட்டது. "அப்புறமும் நகர்ந்தாங்க, சார். நாங்க அசையவே இல்ல. வேற யாரும் வரல. ஒரு வார்த்தை பேசாம, கொஞ்சம் கொஞ்சமா, சுவர் வரைக்கும். அங்க போய்க் கால மடக்கித் தோள ஒடுக்கிக்கிட்டு உக்காந்துட்டாங்க. தினமும் இப்படித்தானாம். தங்கச்சி நடுவுல கொண்டுவந்து உக்கார வைக்குமாம். திரும்பிப் பாத்தா சுவத்துக்கிட்ட இருப்பாங்களாம்."

கிடங்கில் யாரும் சாப்பிடவில்லை.

பேராசிரியர் தன் மடக்கிய முழங்காலைப் பார்த்தார். சுவரில் ஒட்டிய தோளைப் பார்த்தார். தலையைத் திருப்பி, வெறும் பாய்க்கு அப்பால் இருந்த குருவைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா, அம்மா?"

"எது, சார்?"

"அவ இப்படி... சுவர் வரைக்கும்... உங்களுக்கு யார் சொன்னா?"

"இந்தப் பொண்ணையே நான் இப்பத்தான் பாக்கறேன். நீங்க சொன்ன பொண்ணோட பேரைக்கூட நீங்க இதுவரைக்கும் என்கிட்டச் சொல்லல."

அது உண்மை. அவர் அகராதியைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், டெய்லரைச் சொன்னார். பேரைச் சொல்லவில்லை.

"அப்ப எதுக்கு இந்த இலை? முதல் நாள்லேர்ந்து கேக்கறேனே, யாருக்கு இந்த இலை?"

குரு ஆராயியைப் பார்த்தார். ஆராயி மோர்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேள்வி அவளுக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"நான் தலைய எண்ணித்தான் எல போடுதேன், சார்" என்றாள். "நீங்க ரெண்டு பேராத்தான வந்தீக?"

கூரையிலிருந்து ஓர் இழை இறங்கிப் பக்கத்து இலைக்கு மேலே வந்து, உட்காராமல் ஒதுங்கி, தரையில் விழுந்தது.

"எந்த ரெண்டு பேர்?" என்றாள் பெனிட்டா. "சார்? யாரைச் சொல்றாங்க?"

பேராசிரியர் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. இடது விலாவில் அந்தச் சூடு இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அவரை நெருக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவளும் தன்னால் முடிந்த மட்டும் ஒடுங்கித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வந்தா" என்றார்.

"என்ன, சார்?"

"இசக்கியம்மாள். என்கிட்ட வந்தா."

பெனிட்டா அசையாமல் இருந்தாள்.

"கதவைப் பத்திச் சொன்னாங்களா?"

"சொன்னா. தாழ்ப்பாளைப் பத்திச் சொன்னா. எல்லாத்தையும் சொன்னா. சொல்றப்ப நாற்காலியில முழுசா உக்காரல. நுனியில உக்காந்திருந்தா. நான் தண்ணி குடுத்தேன்."

"இதை வெள்ளிக்கிழமை அங்க வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அந்தக் கைடு உங்க சிநேகிதர்தானே?"

"ஆமா. சொல்றேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன பதில் சொன்னீங்கன்னு கேப்பாங்க."

"அதையும் சொல்றேன். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'ன்னு சொன்னேன்."

பெனிட்டா விடவில்லை. விடுகிறவளாக இருந்தால் அவள் படிக்கட்டில் ஏறியிருக்க மாட்டாள்.

"இல்ல, சார், கேளுங்க. அந்தாளுக்கு ஒரு வக்கீல் இருக்கான். படிச்ச வக்கீல். உங்க அகராதியை எடுத்து மேசை மேல போடுவான். 'அட்ஜஸ்ட்: பொறுத்துப் போதல், இசைந்து நடத்தல்னு ஐயாவே எழுதியிருக்கார் பாருங்க. ஐயா நல்ல அர்த்தத்துலதான் சொன்னாரு, அந்தப் பொண்ணும் பெருசா ஒண்ணும் சொல்லியிருக்காது, இல்லன்னா ஐயா இப்படி ஒரு சாதாரண வார்த்தையைச் சொல்லியிருப்பாரா'ம்பான். நாலு அர்த்தத்தைக் கலைச்சுப் போட்டு எல்லாரையும் குழப்பிடுவான். அப்ப ஒரே கேள்விதான் நிக்கும். நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்க?"

அவர் இங்கே கொண்டுவந்த கேள்வி அது. அதை வேறு ஒருத்தி வாயால் கேட்டதும் அவர் பழக்கப்படி குருவின் பக்கம் திரும்பினார்.

குரு தன் இலையில் மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

"அவங்க உங்களைத்தான் கேக்கறாங்க, சார்" என்றார், நிமிராமல்.

பேராசிரியர், பக்கத்தில் இருப்பவள்மேல் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் ஓதம் ஏறிய சுவரில் வைத்தார்.

"இது வரைக்கும் நகருன்னு சொன்னேன்."